கம்பியில்லா ஒலிபெருக்கிகளில் பின்னணிச் சீறல்

பின்னணிச் சீறல் என்பது ஒலிபெருக்கியில் பாடலோ பேச்சோ ஒலிக்காத வேளையில், அல்லது அவற்றினூடே மெலிதாக, தொடர்ந்து கேட்கும் "ஸ்ஸ்" என்ற ஓசையாகும். இது மின்னணு இரைச்சலின் ஒரு வகை. வீடுகளில் பயன்படும் கம்பியில்லா ஒலிபெருக்கிகளில் இச்சீறல் கேட்கும்போது வானொலி இணைப்பே காரணம் எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால் புளூடூத், வைஃபை போன்ற எண்ணிம இணைப்புகளைப் பயன்படுத்தும் கருவிகளில் சீறல் பெரும்பாலும் ஒலிபெருக்கியின் உள்ளேயே தோன்றுகிறது. தோன்றும் இடத்தை அறியாமல் கருவியை மாற்றுவது பயனற்ற செலவாக முடியலாம்.

சீறலின் தன்மை

சீறலில் பல அதிர்வெண்கள் ஒழுங்கின்றிக் கலந்துள்ளன. உயர் அதிர்வெண்கள் மிகுந்திருப்பதால் அது காற்று கசிவதைப் போல ஒலிக்கிறது. இதனை வேறு இரு ஓசைகளிலிருந்து பிரித்தறிய வேண்டும். வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணிலோ அதன் மடங்குகளிலோ எழும் தாழ்ந்த ஓசை ரீங்காரம் எனப்படும். இது இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் 50 அல்லது 100 ஏர்ட்சாகவும், வட அமெரிக்காவில் 60 அல்லது 120 ஏர்ட்சாகவும் இருக்கும். விட்டுவிட்டு எழும் வெடிப்பொலி பெரும்பாலும் தளர்ந்த இணைப்பையோ பழுதடைந்த உறுப்பையோ காட்டும்.

காரணங்கள்

வெப்ப இரைச்சல்

எந்த மின்தடையிலும் எதிர்மின்னிகள் வெப்பத்தால் ஓயாது அலைகின்றன. இதனால் மின்தடையின் முனைகளில் மிகச் சிறிய மின்னழுத்தம் ஒழுங்கின்றி ஏறி இறங்குகிறது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் ஜான்சன் இதனை அளந்தார். ஹாரி நைக்விஸ்ட் இதற்கான கோட்பாட்டு விளக்கத்தைத் தந்தார். இருவரின் கட்டுரைகளும் 1928 இல் வெளியாயின.

அறை வெப்பநிலையில் 10,000 ஓம் மின்தடை ஒன்று, 20,000 ஏர்ட்சு அகலமுள்ள பட்டையில் ஏறத்தாழ 1.8 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தருகிறது. இது மொத்தம் 1,000 மடங்கு பெருக்கப்பட்டால் 1.8 மில்லிவோல்ட் ஆகி, அமைதியான அறையில் காதுக்கு எட்டக்கூடும். ஆகவே ஆம்ப்ளிஃபயர் எனப் பரவலாக அறியப்படும் மிகைப்பியின் முதற்கட்டத்தில் சேரும் இரைச்சலே முதன்மையானது. அது பின்வரும் கட்டங்கள் அனைத்தாலும் பெருக்கப்படுகிறது.

வானொலி இணைப்பு

1990களில் பரவலான கம்பியில்லா ஒலிபெருக்கிகள் பல, அதிர்வெண் பண்பேற்ற முறையில் ஒப்புமைக் குறிப்பலைகளை அனுப்பின. வட அமெரிக்காவில் இவை 900 மெகாஏர்ட்சு பட்டையில் இயங்கின. இம்முறையில் குறிப்பலை வலுக்குறையும்போது சீறல் படிப்படியாக மிகும். ஒரு வரம்பிற்குக் கீழே திடீரென ஓங்கும்.

எண்ணிம இணைப்பில் ஒலி எண்களாகச் செல்கிறது. குறிப்பலை வலுக்குறைந்தால் சில எண் தொகுதிகள் வந்து சேராமல் ஒலி அறுந்துபோகுமேயன்றிச் சீறல் எழாது. புளூடூத் 2.4 கிகாஏர்ட்சு பட்டையில் இயங்குவதால் நுண்ணலை அடுப்பு அதற்கு இடையூறு செய்யலாம். அவ்விடையூறும் ஒலித் தடங்கலாகவே வெளிப்படும்.

மின்வழங்கி

தரம் குறைந்த மின்னேற்றிகள் உயர் அதிர்வெண் மின்னலைவுகளை ஒலிச்சுற்றுக்குள் கசியவிடக்கூடும். இவை சீறலாகவோ மெல்லிய கீச்சொலியாகவோ கேட்கும்.

மூலத்தைக் கண்டறிதல்

கீழ்க்காணும் சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் சீறல் தோன்றும் கட்டத்தை அறியலாம்.

1. வேறொரு பாடலை ஒலிக்கச் செய்தல். ஒரு பதிவில் மட்டும் சீறல் இருப்பின் அது அப்பதிவிலேயே உள்ளது. பழைய ஒலிநாடாப் பதிவுகளில் இது இயல்பு.
2. கைபேசியின் இணைப்பைத் துண்டித்தல். அதன் பின்னும் சீறல் தொடர்ந்தால் அது ஒலிபெருக்கிக்கு உரியது. சீறல் நின்றால் மட்டும் இணைப்பே குற்றவாளி என முடிவு செய்யலாகாது. பல கருவிகள் ஒலி வராதபோது மிகைப்பியைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன.
3. பாடல் இல்லாதபோது ஒலிபெருக்கியின் ஒலியளவை மாற்றுதல். சீறல் மாறாதிருந்தால் அது ஒலியளவுக் கட்டுப்பாட்டிற்குப் பின்னுள்ள மிகைப்பியில் தோன்றுகிறது. ஒலியளவோடு ஏறி இறங்கினால் அதற்கு முந்தைய கட்டத்தில் தோன்றுகிறது.
4. மின்கலத்தில் மட்டும் இயக்குதல். மின்னேற்றியைக் கழற்றியதும் சீறல் மறைந்தால் மின்னேற்றியே காரணம்.
5. ஒப்புமைக் கருவியாயின் பரப்பியை அருகில் கொணர்தல். சீறல் குறைந்தால் குறிப்பலை வலுவின்மையே காரணம்.

குறைக்கும் வழிகள்

கைபேசியின் ஒலியளவைத் தாழ்வாகவும் ஒலிபெருக்கியின் ஒலியளவை உச்சத்திலும் வைத்துக் கேட்பது பலரது வழக்கம். இதனால் மெலிந்த பாடலுடன் இரைச்சலும் சேர்ந்து பெருக்கப்படுகிறது. கைபேசியின் ஒலியளவை உச்சத்திற்குச் சற்றுக் கீழே வைத்து, கேட்கும் அளவை ஒலிபெருக்கியில் சரிசெய்வது நன்று. இரண்டு ஒலியளவுகளும் ஒன்றாக இணைந்து இயங்கும் கருவிகளில் இம்முறை பயன்தராது.

மின்னேற்றி காரணமாயின் கருவிக்கு உரிய மின்னேற்றியைப் பயன்படுத்தலாம். ஒப்புமைக் கருவிகளில் பரப்பியை உயரத்தில் வைப்பதும், வேறு அலைவரிசைக்கு மாற்றுவதும் உதவும்.

மிகைப்பியின் சொந்தச் சீறலைப் பயனர் நீக்க இயலாது. எனினும் திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போது ஒலியழுத்த மட்டம் 6 டெசிபெல் குறைகிறது. அறையினுள் எதிரொலியால் இக்குறைவு சற்றுச் சிறிதாக இருக்கும். எனவே தலைமாட்டில் உறக்கத்தைக் கெடுக்கும் சீறல், அறையின் மறுகோடியில் கேட்காமற் போகலாம். காதை அருகே வைத்தால் மட்டும் கேட்கும் சீறல் பழுதன்று.

பாதுகாப்பு

ரீங்காரத்தை நிறுத்துவதற்காக மின்செருகியின் புவித்தொடுப்பு முனையை நீக்குவது ஆபத்தானது. கருவியில் மின்கசிவு ஏற்படும்போது உயிரைக் காப்பது அம்முனையே. லித்தியம்-அயனி மின்கலம் கொண்ட ஒலிபெருக்கியைப் பயிற்சியின்றித் திறப்பதும் தீவிபத்திற்கு வழிவகுக்கலாம். நெடுநாள் சீறலின்றி இயங்கிய கருவியில் திடீரெனச் சீறலோ வெடிப்பொலியோ எழுந்தால் அதனைப் பழுதுபார்ப்போரிடம் காட்டுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

மிகைப்பி
அதிர்வெண் பண்பேற்றம்
புளூடூத்