கீத் கானர்ஸ்: ஆசிரியரின் பார்வையை அளவுகோலாக்கிய உளவியலாளர்

கீத் கானர்ஸ் (1933–2017) அமெரிக்க உளவியலாளர். கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு பற்றி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆய்வு செய்தவர். பெற்றோரும் ஆசிரியரும் குழந்தையின் நடத்தையை மதிப்பிடுவதற்கான ‘கானர்ஸ் மதிப்பீட்டுப் படிவங்களை’ உருவாக்கியவர். தாம் வளர்த்த துறையில் நோயறிதல் அளவுமீறிப் போகிறது என்று கடைசிக் காலத்தில் வெளிப்படையாக எச்சரித்தவரும் இவரே.

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில், “பையன் ஒரு இடத்தில் உட்காருவதில்லை” என்று மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோரிடம் சில சமயம் ஒரு தாள் கொடுக்கப்படும். “வகுப்பாசிரியரிடம் கொடுத்து நிரப்பி வாங்கி வாருங்கள்” என்பார் மருத்துவர். அந்த வழக்கம் எப்படி வந்தது, அந்தத் தாளுக்கு எவ்வளவு மதிப்பளிக்க வேண்டும் என்பதை அறியக் கானர்ஸின் ஆய்வு வாழ்க்கை உதவும்.

கோளாறின் இயல்பு

ஆங்கில எழுத்துகளால் ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இக்கோளாறுக்கு மூன்று முகங்கள் உண்டு. கவனம் நிலைக்காமை, ஓயாத உடல் இயக்கம், யோசிக்கும் முன்பே செய்துவிடும் அவசரம் ஆகியவை அவை. மூன்றும் எல்லாக் குழந்தைகளிடமும் ஓரளவு இருப்பவைதான். எனவே அளவும் காலமும் இடமும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு (ஐந்தாம் பதிப்பு, 2013) கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகளையும், மிகை இயக்கத்துக்கும் அவசரத்துக்கும் சேர்த்து ஒன்பது அறிகுறிகளையும் தருகிறது. குழந்தையிடம் ஏதேனும் ஒரு தொகுதியில் குறைந்தது ஆறாவது இருக்க வேண்டும். அவை ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். சில அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது அவை தெரிய வேண்டும். படிப்பையோ பழகுவதையோ பாதிக்கவும் வேண்டும். கணக்கு வகுப்பில் மட்டும் நெளிகிற பிள்ளைக்கு இந்தப் பெயர் பொருந்தாது.

இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் இதில் பரம்பரையின் பங்கு பெரிது என்று காட்டியுள்ளன. வளர்ப்புச் சரியில்லை என்று தாயைக் குறை சொல்வதற்கு இதில் இடமில்லை.

கல்வி

கானர்ஸ் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்பே, 16 வயதில், சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டில் படித்தார். 1960இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் மனநல மருத்துவர் அல்லர். மருத்துவர்களோடு இணைந்து பணியாற்றிய உளவியலாளர். மருந்து எழுதும் கையைவிட, அதன் பலனை அளக்கும் கை அவருடையது எனலாம்.

முதல் ஆய்வுகள்

குழந்தைகளின் நடத்தைக்கு மருந்து தரலாம் என்ற எண்ணம் அப்போது புதிதன்று. 1937இல் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், பென்சிடிரின் என்னும் ஊக்க மருந்து சில குழந்தைகளை அமைதியாகப் பாடம் படிக்க வைத்ததைப் பதிவு செய்திருந்தார். 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியான்ட்ரோ பனிசோன் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை உருவாக்கினார். அவருடைய மனைவியின் செல்லப்பெயரான ‘ரீட்டா’விலிருந்தே ‘ரிட்டாலின்’ என்ற வணிகப் பெயர் வந்தது.

ஆனால் மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா, பார்ப்பவர்களின் நம்பிக்கையால் அப்படித் தோன்றுகிறதா? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் குழந்தை மனநல மருத்துவர் லியோன் ஐசன்பர்க்குடன் சேர்ந்து கானர்ஸ் இதை ஆராய்ந்தார். சில குழந்தைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட்டும், சிலருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது மதிப்பிடுவோருக்குத் தெரியாது. மருந்து பெற்றவர்களிடம் முன்னேற்றம் காணப்பட்டது. 1963இல் இந்த ஆய்வு வெளியானது.

படிவம் பிறந்த கதை

முன்னேற்றத்தை அளக்க ஒரு கருவி தேவைப்பட்டது. மருத்துவர் குழந்தையைப் பார்ப்பது அரை மணி நேரம். புதிய இடம், புதிய மனிதர் என்பதால் அந்த அரை மணியில் துள்ளும் பிள்ளையும் அடங்கி இருப்பான். ஆசிரியரோ தினமும் பல மணி நேரம், அதே வயதுள்ள மற்ற பிள்ளைகளுக்கு நடுவே வைத்து அவனைப் பார்க்கிறார்.

ஆசிரியரின் இந்தப் பார்வையைக் கானர்ஸ் எண்ணாக மாற்றினார். 1969இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் 39 வினாக்கள் கொண்ட ஆசிரியர் மதிப்பீட்டுப் படிவத்தை வெளியிட்டார். அமைதியின்றி அசைந்துகொண்டே இருத்தல், தொடங்கியதை முடிக்காமல் விடுதல், மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவு தருதல் போன்ற ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ என்பதிலிருந்து ‘மிக அதிகம்’ வரை நான்கு நிலைகளில் ஆசிரியர் குறியிட வேண்டும். பத்து வினாக்கள் மட்டும் கொண்ட சுருக்கப் படிவமும் பின்னர் பரவியது.

அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு செய்தி உண்டு: குழந்தைகளுக்கான மருந்து ஆய்வுகளில் பயன்படுத்துவதற்கான படிவம் என்றுதான் அது குறிப்பிடுகிறது. மருந்துக்கு முன்னும் பின்னும் உள்ள மாற்றத்தை அளக்கவே படிவம் பிறந்தது. ஒரு குழந்தைக்குக் கோளாறு உண்டா இல்லையா என்று கண்டறிய அது பயன்பட்டது பிறகுதான். பிற்காலப் பதிப்புகளில் வயது, பாலினம் வாரியான ஒப்பீட்டு அளவுகள் விரிவாக்கப்பட்டன. மூன்றாம் பதிப்பு 2008இல் வந்தது.

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும்போது ‘எக்ஸ்’ தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பொத்தானை அழுத்தச் சொல்லும் 14 நிமிடக் கணினிச் சோதனையும் கானர்ஸின் பெயரால் வழங்குகிறது. விடுபட்ட எழுத்துகள் கவனக்குறைவையும், ‘எக்ஸ்’ வந்தபோதும் அழுத்திய தவறுகள் அவசரத்தையும் காட்டும்.

உணவும் மருந்தும்

செயற்கை நிறங்களும் சுவையூட்டிகளும்தான் மிகை இயக்கத்துக்குக் காரணம் என்று 1970களில் அமெரிக்காவில் பெரிதும் பேசப்பட்டது. கானர்ஸ் இதையும் போலி உணவுமுறையோடு ஒப்பிட்டுச் சோதித்தார். பெரும்பாலான குழந்தைகளிடம் சொல்லத்தக்க விளைவு இல்லை என்பதே அவர் கண்டது. 1980இல் இதுபற்றி ஒரு நூலும் எழுதினார்.

பின்னர் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, ஆறு மையங்களில் 579 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில் பங்கேற்றார். 14 மாதச் சிகிச்சையின் முடிவுகள் 1999இல் வெளியாயின. முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில், கவனமாக அளவிட்டுத் தந்த மருந்து, நடத்தைப் பயிற்சியை விட நல்ல பலன் தந்தது. எல்லா அளவுகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கானர்ஸ் குழுவினர் 2001இல் மறுபடி கணக்கிட்டபோது, மருந்தும் பயிற்சியும் இணைந்த முறையே முன்னே நின்றது. ஆனால் மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்திருந்தது. ஒரு முறை கொடுத்து முடித்துவிடும் சிகிச்சை இதற்கு இல்லை என்பதே இதன் பாடம்.

இறுதிக் கால எச்சரிக்கை

அமெரிக்காவில் இம்மருந்துகளை உட்கொள்ளும் குழந்தைகளின் எண்ணிக்கை 1990இல் சுமார் 6 லட்சம். 2013இல் அது 35 லட்சம். எண்பது வயதான கானர்ஸ் அந்த ஆண்டு இந்த வளர்ச்சியை ஒரு தேசியப் பேரிடர் என்றே சொன்னார். மருந்து விற்பனைக்காகவே கோளாறு பரப்பப்படுகிறது என்றார். கோளாறே பொய் என்று அவர் சொல்லவில்லை. உண்மையில் துன்பப்படும் குழந்தைக்கு மருந்து உதவும் என்பதை நிறுவியவரே அவர்தான். கருவியைத் தீர்ப்பாக்கியதைத்தான் அவர் கண்டித்தார்.

தமிழ்நாட்டில்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 பள்ளிக் குழந்தைகளிடம் கானர்ஸ் சுருக்கப் படிவத்தைக் கொண்டு நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. அதில் 11.32 விழுக்காட்டினரிடம் இக்கோளாறு இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்த 2007ஆம் ஆண்டு மதிப்பீடோ 5.29 விழுக்காடு. இவ்வளவு வேறுபாடு வருவதற்கு அளக்கும் முறையும் ஒரு காரணமாகும். சல்லடையில் தங்கியதெல்லாம் கல் ஆகாது. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

படிவத்தின் ஒப்பீட்டு அளவுகள் வட அமெரிக்கக் குழந்தைகளை வைத்து வகுக்கப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது. ஐம்பது பிள்ளைகள் நெருக்கி உட்காரும் வகுப்பில் ‘அதிகம்’ என்று ஆசிரியர் குறிப்பது, இருபது பேர் உள்ள வகுப்பில் குறிப்பதற்குச் சமமாகாது.

ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உள்ளன, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. பல குழந்தைகளிடம் இதனோடு வாசிப்புக் குறைபாடும் சேர்ந்தே இருக்கும் என்பதால் இரண்டையும் சோதிப்பது நல்லது. தியாகராய நகரில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் வாசிப்புக் குறைபாட்டில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் தமிழில் பேசலாம்.

படிவத்தை நிரப்பும் ஆசிரியருக்கு

புதிதாக வந்த பிள்ளையைப் பற்றி உடனே எழுதாமல், ஓரிரு மாதமாவது பார்த்த பிறகு நிரப்புவது நல்லது. அன்று காலை அவன் செய்த குறும்பின் கோபத்தோடு குறியிடக் கூடாது. வேறு பாட ஆசிரியரிடமும் கேட்கலாம். காது, கண், தூக்கம், வீட்டுச் சூழல் ஆகியவற்றையும் விசாரித்து எழுதினால் மருத்துவருக்கு உதவும். கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளையையும் நினைவில் கொள்ள வேண்டும். அவள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அதனாலேயே அவளுக்கு யாரும் படிவம் கேட்பதில்லை.

கானர்ஸ் 2017இல் 84 வயதில் காலமானார். ஆசிரியரின் சொல்லுக்கு மருத்துவத்தில் இடம் வாங்கித் தந்தவர் அவர். அந்தச் சொல் ஒரு குழந்தைக்கு வழியையும் திறக்கலாம், முத்திரையையும் குத்தலாம் என்பதால், பேனாவை எடுக்கும் முன் ஒரு கணம் நிதானிப்பது ஆசிரியரின் கடமை.