அலமாரிக்குள் இரண்டு லிட்டர் தண்ணீர்

இருபது கிலோ பருத்தித் துணி அடுக்கிய அலமாரிக்குள் ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீரும் இருக்கிறது. தொட்டால் ஈரம் தெரியாது, பிழிந்தால் சொட்டாது. காற்றில் ஆவியாகத் திரியும் நீரைப் பருத்தி இழை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொள்கிறது. மலேசியக் காற்றில் அது தன் எடையில் பத்தில் ஒரு பங்கு நீரையாவது பிடித்து வைக்கும். அந்த இருபது கிலோவும் பாலியெஸ்டராக இருந்தால் உள்ளே உள்ள தண்ணீர் ஒரு காப்பிக் கோப்பைகூட நிறையாது.

சேலை ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம், நிறவாரியாக ஒரு வரிசை என்று அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் துணிக்குத் தன் நிறமோ பெயரோ தெரியாது. தன் இழை என்ன, சுற்றியிருக்கும் காற்றில் ஈரம் எவ்வளவு, இந்த இரண்டும்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. சிரம்பானை ஒட்டிய லோபாக் போன்ற இடத்தில் அலமாரியை இந்தக் கணக்குப்படிதான் அடுக்க வேண்டும்.

நண்பகலும் நள்ளிரவும்

மலேசியாவின் மாதச் சராசரி ஈரப்பதம் 70 முதல் 90 விழுக்காடு என்கிறது வானிலை ஆய்வுத் துறை. ஒரு வெப்பநிலையில் காற்று அதிக அளவாக எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதே இந்த விழுக்காடு. காற்று சூடானால் அதன் கொள்ளளவு கூடும், குளிர்ந்தால் குறையும். 27 டிகிரியில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்று, பகலில் 32 டிகிரிக்குச் சூடேறும்போது 60 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அதே காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் 96 விழுக்காட்டைத் தொடும். 23 டிகிரியை நெருங்கும்போது சுவரில் நீர் கோக்கத் தொடங்கும். இத்தனைக்கும் காற்றிலுள்ள நீராவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பூஞ்சணத்துக்கு இந்த எண்கள்தான் முக்கியம். 70 விழுக்காட்டைத் தாண்டினால் சில வகைகள் மெதுவாகத் தலைதூக்கும். 80க்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் பல வகைகள் தாராளமாகப் பரவும்.

லாபு, ரந்தாவ், சிலியாவ் தோட்டங்களின் பழைய லயங்களில் பலகைச் சுவரும் தகரக் கூரையும் இருந்தன. பகலில் வீடு அடுப்பாகக் கொதிக்கும், இடுக்குகள் வழியே காற்று ஓடும். அன்றாடத் துணி கொடியில் கிடக்கும், நல்ல துணி தகரப் பெட்டிக்குள் இருக்கும். வசதிக் குறைவான அந்த ஏற்பாட்டில் துணிக்கு இரண்டு நன்மைகள் கிடைத்தன. கொடியில் கிடந்தது தினமும் காய்ந்தது. மூடிய பெட்டிக்குள் வெளி ஈரம் எளிதில் புகவில்லை.

இன்றைய வரிசை வீடு செங்கல்லும் சிமெண்டும். படுக்கையறையில் ஏர்கோன் இரவெல்லாம் ஓடுகிறது. ஓடும்வரை அது காற்றிலுள்ள நீரைப் பிரித்து வெளியேற்றுவதால் அறை உலர்ந்தே இருக்கும். தொல்லை காலையில்தான் தொடங்கும். ஏர்கோனை நிறுத்திச் சன்னலைத் திறந்ததும் வெளியிலிருந்து வரும் ஈரக் காற்று, இன்னும் குளிர்ந்திருக்கும் சுவரிலும் அலமாரியின் முதுகிலும் படுகிறது. அலமாரியின் பின்பலகையில் கரும்புள்ளிகள் முதலில் தோன்றுவது இதனால்தான்.

ஆகவே அலமாரியைச் சுவரோடு ஒட்டிவைக்காமல் நான்கு விரல் இடைவெளி விடவேண்டும். குளியலறைச் சுவரில் சாய்க்கவே கூடாது. கதவைத் திறந்து காற்றாட விடும் நேரம் வெயில் ஏறிய நண்பகல். மின்விசிறி ஓட அரை மணி நேரம் போதும். மழை பெய்யும்போதும் ஏர்கோனை நிறுத்திய உடனேயும் திறந்தால் ஈரத்தை நாமே உள்ளே அழைத்ததாகிவிடும். இஸ்திரி போட்ட துணியில் சூடும் ஆவியும் இருக்கும், ஆறிய பிறகே அது உள்ளே போகட்டும்.

எந்த இழைக்கு எந்தத் தட்டு?

துணி ஆய்வகங்கள் 20 டிகிரி வெப்பம், 65 விழுக்காடு ஈரப்பதம் என்ற நிலையில் இழைகளை ஒப்பிடுகின்றன. அந்த நிலையில் உலர்ந்த எடையோடு ஒப்பிட்டால் கம்பளி ஏறக்குறைய 16 விழுக்காடு, ரேயான் 13, பட்டு 11, பருத்தி 8.5, நைலான் 4 விழுக்காடு நீரை ஏற்கின்றன. பாலியெஸ்டர் ஏற்பது வெறும் 0.4. நம் ஊரின் ஈரத்தில் எல்லா எண்களும் இன்னும் ஏறும், வரிசை பெரிதாக மாறாது.

அலமாரிக்குள்ளும் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. தரையை ஒட்டிய அடித்தட்டும் பின்மூலையும் குளிர்ச்சியானவை, அதனால் ஈரம் மிகுந்தவை. பாலியெஸ்டர் பாஜு கூரோங், விளையாட்டு உடை, ஜார்ஜெட் பஞ்சாபி சூட் ஆகியவற்றை அங்கே வைக்கலாம். பருத்திச் சேலை, வேட்டி, லோபாக் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளையின் சீருடை முதலியவை நடுத்தட்டில், கதவைத் திறந்ததும் காற்றுப் படும் இடத்தில் இருக்க வேண்டும். பட்டுக்கு மேல்தட்டு.

கம்பளி அதிக நீரைக் குடித்தாலும் பூஞ்சணம் விரும்பித் தேடுவது பருத்தியைத்தான். பருத்தி ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ். அதை உடைத்து உண்ணும் நொதி பல பூஞ்சைகளிடம் இருக்கிறது. கஞ்சி போட்ட துணி என்றால் செல்லுலோசை உடைக்கும் வேலையும் மிச்சம், மாவுச்சத்து மேலேயே பூசிக் கிடக்கிறது. அடுத்த வாரம் உடுத்தப்போகும் சேலைக்குக் கஞ்சி போடலாம். அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைக்கும் சேலையில் கஞ்சியை அலசிவிட்டுத்தான் மடிக்க வேண்டும்.

அலமாரிப் பலகையையும் இதே பார்வையில் பார்க்கலாம். மலேசியத் தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனது. ஏறக்குறைய 25, 30 ஆண்டுகள் பால் வெட்டி ஓய்ந்த மரங்களே அறுக்கப்பட்டுப் பலகையாகின்றன. அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சணமும் துளைப்பூச்சியும் தேடி வரும் என்பதால்தான் போரான் சேர்மங்களை உள்ளே செலுத்தி, சூளையில் உலர்த்திய பின் பயன்படுத்துகிறார்கள்.

ஜரிகையின் எதிரிகள்

காஞ்சிபுரத்து அசல் ஜரிகையில் நடுவே பட்டு நூல். அதன்மேல் தட்டையான வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்கும் மேல் தங்க முலாம். கந்தக ஆவி சிறிதளவு பட்டாலும் வெள்ளி கறுத்து வெள்ளி சல்பைடாக மாறும், ஈரம் அதை விரைவுபடுத்தும். விலை குறைந்த பிளாஸ்டிக் ஜரிகை பெரும்பாலும் அலுமினியம் பூசிய பாலியெஸ்டர் படலம், அதற்கு இந்தப் பயம் இல்லை. ஆனால் பாட்டி விட்டுச்சென்ற சேலையில் இருப்பது பெரும்பாலும் வெள்ளி.

அலமாரிக்குள் கந்தகம் எங்கிருந்து வருகிறது? முதல் குற்றவாளி ரப்பர். மரத்துப் பாலில் கந்தகம் மிகக் குறைவு. ஆனால் ரப்பரை உறுதியாக்கும் வல்கனைசேஷன் என்ற செய்முறையில் கந்தகம் சேர்க்கப்படுகிறது. சேலையைச் சுற்றிப் போடும் ரப்பர் வளையம், தட்டில் விரிக்கும் ரப்பர் பாய், கீழே வைக்கும் ரப்பர் காலணி எல்லாமே மெல்ல மெல்லக் கந்தகச் சேர்மங்களை வெளிவிடும்.

இரண்டாவது குற்றவாளி கம்பளி. அதன் கெரட்டின் புரதத்திலேயே கந்தகம் இருக்கிறது. அரும்பொருட்களோடு எந்தப் பொருளை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று கண்டறிய பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் ஒரு சோதனையை முன்வைத்தார். வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளைச் சந்தேகத்துக்குரிய பொருளோடும் சிறிது நீரோடும் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைப்பார்கள். வெள்ளி கறுத்தால் அந்தப் பொருளுக்குக் காட்சிப் பேழையில் இடமில்லை. கம்பளி பலமுறை தோற்ற பொருள். கேமரன் மலைக்குப் போட்டுச்சென்ற ஸ்வெட்டரும் கல்யாணப் பட்டும் ஒரே தட்டில் இருக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பட்டைப் பிளாஸ்டிக் உறையில் அடைப்பதும் நல்லதல்ல. உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லை. சில பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் பிஎச்டி (BHT) என்ற வேதிப்பொருள், வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து வெள்ளைத் துணியை மஞ்சளாக்கும். உறையிலேயே வைத்திருந்த வெள்ளை ஜிப்பா பழுத்துப்போவதற்கு இது ஒரு காரணம். பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டியில் பட்டைச் சுற்றிவைப்பதே பழைய வழக்கம். அந்த வேட்டி ஈரம் ஏறும்போது தான் முதலில் வாங்கிக்கொள்ளும், இறங்கும்போது விட்டுவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே கோட்டில் மடிந்து கிடக்கும் வெள்ளிக் கம்பி நாளடைவில் அந்தக் கோட்டிலேயே முறியும்.

உருண்டை யாருக்கு மருந்து?

சுவரில் ஒட்டியபடி மெல்ல நகரும், பூசணி விதை அளவுள்ள சாம்பல் நிறக் கூட்டைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது ஓர் அந்துப்பூச்சியின் புழு. ஒட்டடை, தலைமுடி, கம்பளி முதலியவை அதன் இரை. வெள்ளியாய் மின்னி ஓடும் ராமபாணப் பூச்சி வேறு இனம். அது கஞ்சியையும் காகிதத்தையும் பருத்தியையும் தின்னும். முன்னதற்கு அலமாரியின் மேற்புறமும் பின்புறமும் கூட்டிப் பெருக்கினால் பாதி வேலை முடிந்தது. பின்னதற்கு ஈரத்தைக் குறைக்க வேண்டும்.

பலரும் நேராகக் கடைக்குப் போய் ‘உபாட் கெகாட்’ வாங்கிப் போடுகிறார்கள். இந்தப் பாச்சை உருண்டையின் பழைய சரக்கு நாப்தலீன். திண்மமாக இருந்து நேரே ஆவியாகும். அந்த ஆவி அடர்ந்து நின்றால்தான் பூச்சி சாகும். இறுக மூடிய தகரப் பெட்டியில் அது நடந்தது. நாளுக்குப் பத்து முறை திறக்கும் அலமாரியில் ஆவி படுக்கையறைக்கு வந்துவிடும், பூச்சி தப்பிவிடும், சுவாசிப்பது நாம்.

ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆவி ஆபத்தானது. சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை முற்றக்கூடும். மலேசிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தக் குறைபாட்டைச் சோதிப்பதும், பெற்றோரை இந்த உருண்டை பற்றி எச்சரிப்பதும் இதற்காகத்தான். ஐரோப்பிய ஒன்றியம் நாப்தலீன் உருண்டைகளை 2008இல் தடை செய்தது. பிள்ளை பெற்ற வீட்டில், உருண்டை போட்டு வைத்திருந்த பழைய தொட்டில் சேலையை எடுத்துத் துவைக்காமல் கட்டவே கூடாது. நாப்தலீனையும் கற்பூரத்தையும் ஒன்றாகப் போடுவதும் தவறு. இரண்டும் சேர்ந்து இளகித் துணியில் எண்ணெய்க் கறை படியும்.

தொங்குபவையும் மடிபவையும்

நெய்த துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று பிடித்திருக்கும், அதனால் சட்டையைத் தொங்கவிடலாம். டீ-சட்டை, பனியன், ஸ்வெட்டர் ஆகியவை பின்னிய துணிகள். கண்ணிகளால் ஆனவை என்பதால் சொந்த எடையே அவற்றை இழுத்து நீட்டிவிடும், மடித்துத்தான் வைக்க வேண்டும். ரேயான் நனைந்தால் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கும். ஈரம் காயாத ரேயான் நைட்டியைத் தொங்கவிட்டால் அது நீளமாகிவிடுவது இதனால்தான்.

ஒருமுறை உடுத்திய துணிக்கும் தனி இடம் வேண்டும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடுமையாகச் சைக்கிள் மிதித்த 26 பேரின் சட்டைகளைச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பருத்தியைவிடப் பாலியெஸ்டர் சட்டையில் நாற்றம் கடுமையாக இருந்தது. நாற்றத்தோடு தொடர்புடைய மைக்ரோகோக்கஸ் பாக்டீரியா பாலியெஸ்டரில் செழித்திருந்தது. பாலியெஸ்டர் தண்ணீரை விரட்டும், எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்ளும். பால்மரம் வெட்டப் போட்டுச்சென்ற சட்டையைத் தோட்டத்தில் வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியே மாட்டிவைத்தார்கள். ஜிம்முக்குப் போய்வந்த சட்டைக்கும் அந்த மரியாதையே பொருந்தும்.

எப்போது எடுத்துவைப்பது?

நம்மில் பலர் தீபாவளி முடிந்த கையோடு பட்டை மடித்து உள்ளே வைத்துவிடுகிறோம். மேற்குக் கரை மாநிலங்களின் பெரும்பகுதியில் மழை உச்சத்தைத் தொடுவது அக்டோபரிலும் நவம்பரிலும். பண்டிகையும் அப்போதுதான் வருகிறது. வியர்வையும் மழைக்கால ஈரமும் ஏறிய துணி அப்படியே இருட்டுக்குள் போகிறது. மழை குறையும் காலம் பிப்ரவரியும், பிறகு ஜூன், ஜூலையும்.

எனவே தீபாவளிச் சேலையைத் தளர்வாக, கண்ணில் படும் இடத்தில் வைத்திருங்கள். எப்படியும் தைப்பூசத்துக்கு எடுப்பீர்கள். பூசம் முடிந்து, வறண்ட நாளொன்றின் நண்பகலில் நிழலில் காற்றாட விரித்து, ஆறவைத்து, பழைய மடிப்பைத் தவிர்த்து மடித்து மேல்தட்டில் வையுங்கள். ஜூனில் ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அலமாரியில் கால்பங்கு காலியாக இருந்தால்தான் இதெல்லாம் பலிக்கும். நெருக்கி அடைத்த தட்டுக்குள் நண்பகல் காற்றும் நுழையாது. இடம் போதவில்லை என்றால், புதிய அலமாரி வாங்கும் முன் உடுத்தாத துணியைக் கொடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சணத்துக்கு இன்னொரு பெட்டி தீனி வாங்கி வைத்ததாகத்தான் ஆகும்.