நகலா, நிறுத்தமா?

கணிப்பொறியின் கட்டளைச் சாளரத்தில் நெடுநேரமாக ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை வந்த விடைகளைக் கட்டுரையில் சேர்ப்பதற்காக 'கன்ட்ரோல்-சி'யை அழுத்துகிறீர்கள். நகல் கிடைக்கவில்லை, கணக்கே நின்றுவிடுகிறது! காரணம் என்ன?

இச்சாளரம் பழைய தட்டெழுத்து முனையங்களின் வாரிசு. 'சி' ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்து. கன்ட்ரோலுடன் அழுத்தினால் 3 என்ற எண் செல்லும். ஆஸ்கி அட்டவணையில் அதன் பொருள் 'உரை முடிந்தது'. அதுவே முனையங்களில் 'வேலையை நிறுத்து' என்றாயிற்று. நகலெடுக்கும் பொருள் பின்னால் வந்தது.

பெரும்பாலான லினக்ஸ் சாளரங்களில் எழுத்துகளைச் சுட்டியால் தேர்ந்தெடுத்து, 'கன்ட்ரோல்-ஷிப்ட்-சி' அழுத்தவேண்டும். 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 முதல், எழுத்துகளைத் தேர்ந்தெடுத்திருந்தால் 'கன்ட்ரோல்-சி' நகலெடுக்கும்; இல்லையேல் நிறுத்திவிடும். ஆகவே, முதலில் தேர்ந்தெடுங்கள், பிறகு அழுத்துங்கள்!