ஒரே ஆர்ச்பிஷப்... தனித்தனி பெல்!

காலை எட்டு மணிக்கு சாந்தோம் ஹைரோடில் டூவீலர் ஓட்டி, வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராமல் ஆபீஸ் போய்ச் சேருகிறவருக்குப் பரலோகத்தில் இடம் நிச்சயம்! செயின்ட் பீட்ஸ், சாந்தோம் ஹையர் செகண்டரி, ரோஸரி மெட்ரிக், செயின்ட் ரஃபேல்ஸ் என்று வரிசையாக கேட். கேட்டுக்கு கேட் ஆட்டோ. ஆட்டோவுக்கு ஆட்டோ யூனிஃபார்ம் வேறு.

"எல்லாம் சர்ச் ஸ்கூல்தானே சார்? ஒரே ஆபீஸ், ஒரே அப்ளிகேஷன், ஒரே ஃபீஸுனு பண்ணிட்டா என்னவாம்?" - அட்மிஷன் சீஸனில் மயிலாப்பூர் அப்பாக்கள் இப்படி அலுத்துக்கொள்வது வழக்கம்.

நியாயமான கேள்விதான். ஆனால், பதில் தேடிப் போனால் 1642-ல் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரன் கோட்டை கட்டிக் குடியேறியிருந்த புதுசு. எஃப்ரேம் என்ற பிரெஞ்சு கப்பூச்சின் பாதிரியார், பர்மாப் பக்கம் போகிற வழியில் மெட்ராஸில் இறங்கினார். "இங்கேயே இருங்க சாமி" என்று பிடித்துக்கொண்டார்கள். இருந்தார். தன் வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இந்த ஊரில் மேல்நாட்டு பாணிப் படிப்பு தொடங்கியது ஏறக்குறைய அங்கேதான்.

சாந்தோம்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. சாந்தோம் அப்போது போர்ச்சுகீசியர் கையில். 1606-லிருந்தே அது தனி மறைமாவட்டம். போர்ச்சுகல் ராஜாவின் ஞான அதிகாரத்தில் இருந்தது. எஃப்ரேமோ ரோம் நேரடியாக அனுப்பிய ஆள். 'எங்க ஏரியாவில் நீ யார்?' என்கிற தகராறுதான்! 1649-ல் சாந்தோமுக்கு வந்த மனுஷனைப் பிடித்து, மத விரோதி என்று குற்றம்சாட்டி கோவாவுக்கு அனுப்பி, விசாரணைச் சிறையில் போட்டுவிட்டார்கள். பிடித்தவர்களும் கத்தோலிக்கர், பிடிபட்டவரும் கத்தோலிக்கர். வெளியே வர இரண்டு வருஷம் போல ஆயிற்று.

இந்த 'இரண்டு எசமான்' கதை முந்நூறு வருஷம் ஓடியது என்றால் நம்புவீர்களா? மெட்ராஸுக்கு ஒரு தலைமை, மயிலாப்பூருக்கு ஒரு தலைமை. சுதந்திரம் கிடைத்து ஐந்து வருஷம் கழித்து, 1952 நவம்பரில்தான் இரண்டையும் இணைத்து 'மெட்ராஸ்-மயிலாப்பூர்' என்று ஒரே உயர் மறைமாவட்டம் ஆக்கினார்கள். முதல் ஆர்ச்பிஷப், சலேசிய சபையைச் சேர்ந்த லூயி மத்தியாஸ்.

பிஷப் ஒன்றானார். பள்ளிக்கூடங்கள்?

அங்கேதான் சிக்கல். ரோஸரியும் தி.நகர் ஹோலி ஏஞ்சல்ஸும் பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி கன்னியாஸ்திரிகளுடையவை (நம்ம ஊட்டியில் 1877-ல் பிறந்த சபை!). அடையாறு செயின்ட் பேட்ரிக்ஸ், அயர்லாந்தில் 1808-ல் தொடங்கிய பேட்ரிஷியன் பிரதர்ஸுடையது. எழும்பூர் டான் பாஸ்கோ சலேசியர்களுடையது. சர்ச் பார்க் பிரசன்டேஷன் சிஸ்டர்ஸ். இது போக, மறைமாவட்டமே நடத்தும் பள்ளிகள் தனி. ஒவ்வொரு சபைக்கும் தனித் தலைமை, தனி சொத்து, தனி கணக்கு நோட்டு. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டப்படி பிஷப் இந்தப் பள்ளிகளைப் பார்வையிடலாம், பொது விதி போடலாம். உள் நிர்வாகம் சபைக்குத்தான். மாமனார் வீட்டுக்கு மாப்பிள்ளை போகலாம், பீரோ சாவி கேட்க முடியுமா?

ஆனால், ஒரு இணைப்பு சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. ஒரே நிர்வாகத்தின் கீழ் பல ஏடட் பள்ளிகள் இருந்தால், ஆசிரியர் பதவி உயர்வுக்கு அவற்றை ஒரே யூனிட்டாகப் பார்க்க வேண்டும் என்றது தமிழ்நாட்டின் 1974-ம் வருஷத்து தனியார் பள்ளி விதி. ஆக, சம்பளம் கொடுக்கும் அரசு ஓரளவு சேர்த்துவைத்தது.

அடுத்த இணைப்பும் அரசு செய்ததுதான். சமச்சீர் கல்வி. ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ-இந்தியன், ஓரியன்டல் என்று நாலு பாடத்திட்டம் இருந்தது. 2010-ல் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் பொதுப் பாடத்திட்டம் வந்தது. 2011-ல் ஆட்சி மாறியதும் நிறுத்தப் பார்த்தார்கள். வழக்கு டெல்லி வரை போய், ஆகஸ்ட் 9-ம் தேதி சுப்ரீம் கோர்ட் 'பத்து நாளில் அமல்படுத்து' என்றது. அதுவரை பிள்ளைகள் புத்தகம் இல்லாமலே ஸ்கூலுக்குப் போய்வந்தார்கள் (அவர்களுக்கு அது பொற்காலம்!). அன்று முதல் பீட்ஸ் பையனும் பக்கத்து ஏடட் பள்ளிப் பையனும் படிப்பது ஒரே பாடம்.

ஃபீஸ் மட்டும் ஒன்றாகவில்லை. 2009-ம் வருஷத்து கட்டணச் சட்டமே அந்தந்தப் பள்ளியின் இடம், வசதி, செலவைப் பார்த்துத் தனித்தனியாகத்தான் கட்டணம் நிர்ணயிக்கச் சொல்கிறது.

என்னைக் கேட்டால், 'ஒன்றாக்கு' என்கிற பேச்சில் உருப்படியான விஷயம் இது ஒன்றுதான். யூனிஃபார்ம், பெல், அப்ளிகேஷன் எல்லாம் தனித்தனியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு இடத்தில் சீட் கிடைக்காவிட்டால் இன்னொரு இடத்தில் முயற்சி பண்ணவாவது வழி இருக்கும்! ஆனால், சுவருக்கு இந்தப் பக்கம் ஆங்கில மீடியம், டெர்ம் ஃபீஸ். அந்தப் பக்கம் தமிழ் மீடியம், நொச்சிக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள். இரண்டு பக்கமும் அதே மாதா படம். 2007-ல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட கல்விக் கொள்கை, ஏழைகளுக்கே முன்னுரிமை என்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவிகித இடமும் இந்தப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதால் (2025-ல் அதே கோர்ட்டின் இன்னொரு பெஞ்ச் இதை மறுபரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறது), முன்னுரிமை கொடுப்பதும் கொடுக்காததும் நிர்வாகத்தின் மனசாட்சியைப் பொறுத்தது. ஃபீஸ் வாங்கும் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொது நிதி வைத்து, ஏடட் பள்ளியின் லேபுக்கும் இங்கிலீஷ் வாத்தியாருக்கும் கொடுத்தால், எந்த சபையின் சொத்தும் கை மாற வேண்டியதில்லை.

2025 ஆகஸ்ட் 26. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நகரத்து ஏடட் பள்ளிகளுக்கும் வந்தது. தொடக்க விழா நடந்த இடம் மயிலாப்பூரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி - புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளி. முதல்வர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஃபீஸ் வாங்கும் பள்ளிகளுக்கு இந்தத் திட்டம் கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ் இருக்கிறது.