காரைக் கழுவும் தண்ணீர்: வீட்டு வாசலிலா, கழுவு நிலையத்திலா?

1983-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மாருதி 800 கார் விற்பனைக்கு வந்தபோது, நம் நாட்டில் கார் என்பது வெகு சிலரது உடைமையாகவே இருந்தது. இன்று நிலைமை முற்றிலும் வேறு. 2023-24 நிதியாண்டில் மட்டும் உள்நாட்டில் விற்பனையான பயணியர் வாகனங்களின் எண்ணிக்கை 42 லட்சத்தைத் தாண்டியது. கார்கள் பெருகுவதால் சாலைகளில் ஏற்படும் நெரிசல், எரிபொருள் செலவு, புகை ஆகியவை குறித்துப் பலரும் எழுதியும் பேசியும் வருகின்றனர். ஆனால் இக்கார்கள் ஒவ்வொன்றும் கழுவப்படவும் வேண்டும் என்பதும், அதற்குத் தண்ணீர் வேண்டும் என்பதும் அவ்வளவாகக் கவனத்திற்கு வருவதில்லை. கோடையில் குழாய்கள் வறளும்போதுதான் இது பொதுப்பிரச்சினையாக உருவெடுக்கின்றது.

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெங்களூரில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும். மழை பொய்த்து, ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வறண்ட நிலையில், குடிநீரைக் கொண்டு வாகனங்களைக் கழுவுவதையும், தோட்டங்களுக்குப் பாய்ச்சுவதையும், கட்டடம் கட்டுவதையும் அந்நகரின் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்று வாரியம் தடை செய்தது. மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என அறிவிக்கப்பட்டது. அம்மாதத்திலேயே, மூன்று நாட்களில் 22 குடும்பங்களிடமிருந்து 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் வசூலிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. அதே ஆண்டு மே மாத இறுதியில், ரப்பர் குழாய் கொண்டு காரைக் கழுவுவோருக்கு 2,000 ரூபாய் அபராதம் விதிக்கத் தில்லி அரசு ஆணையிட்டது. சண்டிகரிலும் கோடைக் காலங்களில் இத்தகைய கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வந்துள்ளன.

அப்படியானால் காரை வீட்டில் கழுவுவது தவறா? அதற்கென அமைந்த கழுவு நிலையத்திற்குக் கொண்டு செல்வதுதான் முறையா? இவ்வினாவிற்கு விடை காணச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

சிறிய செலவா, பெரிய செலவா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வது நேர்மையாகும். நாட்டின் மொத்த நீர்ச் செலவில் கார் கழுவும் நீரின் பங்கு மிகச் சிறிது. 2024-ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் சுமார் 87 சதவீதம் வேளாண்மைக்கே செல்கின்றது. வீட்டு உபயோகத்தின் பங்கு சுமார் 11 சதவீதம். கார் கழுவுவதை நிறுத்தி நாட்டின் நீர்ப் பற்றாக்குறையைத் தீர்த்துவிட இயலாது.

எனினும் நகரத்தின் கணக்கு வேறு. பெங்களூருக்கு வரும் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு ஏற்றப்பட்டு வருகின்றது. இந்நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் மின்சாரமும், சுத்திகரிப்புச் செலவும், பொதுப் பணமும் கலந்துள்ளன. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு மேலும் 77.5 கோடி லிட்டர் நீரை வழங்கும் வகையில் அமைக்கப்பட்டது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவரப்படும் குடிநீர், சக்கரத்துச் சேற்றைக் கரைத்துக்கொண்டு தெருவில் ஓடுவது பொருத்தமற்றது என்பதே தடையின் அடிப்படை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

200 கார்கள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். சாதாரண ரப்பர் குழாயில் நிமிடத்திற்கு 10 முதல் 20 லிட்டர் வரை நீர் வெளியேறும். 15 லிட்டர் எனக் கொண்டால், பத்து நிமிடம் குழாயைத் திறந்து வைத்துக் காரைக் கழுவ 150 லிட்டர் செலவாகும். வாரம் ஒரு முறை எல்லாக் கார்களும் இவ்வாறு கழுவப்பட்டால், நான்கு வாரங்களில் ஆகும் செலவு 1,20,000 லிட்டர்.

அதே கார்களை வாரம் ஒரு முறை, 15 லிட்டர் கொள்ளும் வாளிகள் இரண்டைக் கொண்டு கழுவினால், ஆகும் செலவு 24,000 லிட்டர் மட்டுமே. இவ்விரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு 96,000 லிட்டர். நகரங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவின்படி பார்த்தால், இது 23 பேருக்கு ஒரு மாதத்திற்குப் போதுமான நீர். ஊரகக் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவன் இயக்கத்தின் 55 லிட்டர் அளவின்படி பார்த்தால், 58 பேருக்குப் போதுமானது.

இங்கு மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பல குடியிருப்புகளில் காரை நாள்தோறும் ஒரு வாளி நீரால் துடைக்கும் வழக்கம் உள்ளது. ஒரு வாளிதானே என்று தோன்றலாம். ஆனால் 200 கார்களுக்கு 30 நாட்களில் இதன் செலவு 90,000 லிட்டர். ஆகவே, எதைக் கொண்டு கழுவுகிறோம் என்பது மட்டுமன்றி, எத்தனை முறை கழுவுகிறோம் என்பதும் செலவைத் தீர்மானிக்கின்றது.

இனி, ‘வாட்டர் சர்வீஸ்’ என மக்கள் வழங்கும் கழுவு நிலையத்திற்கு வருவோம். அங்கு அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவக் காரொன்றுக்கு 200 லிட்டர் எனக் கொள்வோம். எல்லாக் கார்களும் மாதம் ஒரு முறை அங்குச் சென்றால் 40,000 லிட்டர் செலவாகும். நிலையம் தன் நீரில் 80 சதவீதத்தைத் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்துமாயின், புதிதாகத் தேவைப்படும் நீர் 8,000 லிட்டராகக் குறையும். அவ்வாறு செய்யாத நிலையமோ, ஒரு முறை கழுவுவதற்கு வீட்டுக் குழாயைவிட அதிக நீரை விழுங்குகின்றது. எனவே ‘நிலையம்’ என்ற பெயர் மட்டுமே சிக்கனத்திற்கு உறுதி அளிப்பதில்லை.

அழுக்கு நீர் சேருமிடம்

செலவாகும் நீரைப் போலவே, வெளியேறும் நீரும் முக்கியமானது. காரிலிருந்து கழுவப்படுவது வெறும் புழுதியன்று. எஞ்சின் எண்ணெய், மசகு, பிரேக் தேய்மானத்தால் உண்டாகும் உலோகத் துகள்கள், டயரின் ரப்பர்த் துகள்கள், சோப்பு ஆகியவை அதில் கலந்துள்ளன. தெருவில் கழுவினால் இவை பெரும்பாலும் மழைநீர் வடிகாலில் இறங்குகின்றன. மழைநீர் வடிகால் கழிவுநீர்க் குழாய் அன்று. அதில் விழுவது எவ்விதச் சுத்திகரிப்பும் இன்றி அருகிலுள்ள ஏரியையோ ஆற்றையோ சென்றடைகின்றது.

தேங்கும் நீரினால் வேறொரு தீங்கும் உண்டு. கார் கழுவுவதற்கென மூடாமல் வைக்கப்படும் தொட்டிகளிலும் பீப்பாய்களிலும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகின்றது. முட்டை முழுக் கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் போதும்.

நல்ல கழுவு நிலையத்தின் அமைப்பு

முறையாக அமைந்த கழுவு நிலையத்தில், காரிலிருந்து வழியும் நீர் முதலில் படிவுத் தொட்டியில் இறங்குகின்றது. மணலும் சேறும் கனமானவையாதலால் அடியில் தங்கிவிடுகின்றன. அடுத்த தொட்டியில் எண்ணெய் மேலே மிதக்கின்றது. குறுக்குச் சுவர் அதைத் தடுத்து நிறுத்த, அடியிலுள்ள நீர் மட்டும் அப்பால் செல்கின்றது. பின்னர் மணல் வடிப்பானும், கரி வடிப்பானும் எஞ்சிய அழுக்கை நீக்குகின்றன. இந்நீர் மீண்டும் கழுவுவதற்கு உதவும். திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் நீரில் உப்புகள் சேருமாதலால், இறுதி அலசலுக்கு மட்டும் புதிய நீர் சேர்க்கப்படுகின்றது.

அடியில் தங்கும் எண்ணெய்ச் சேற்றை அருகிலுள்ள காலி மனையில் கொட்டிவிடக் கூடாது. அதற்கென அங்கீகாரம் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும். 1974-ஆம் ஆண்டின் நீர் (மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின்கீழ், கழிவுநீரை வெளியேற்றும் தொழில்கள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெற வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் வெளியிட்ட தொழில் வகைப்பாட்டில் வாகனப் பராமரிப்பு நிலையங்கள் ஆரஞ்சுப் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தன. எனினும், ஓர் ஆழ்துளைக் கிணறு, ஒரு பம்பு, ஒரு சாக்கடை ஆகிய மூன்றை மட்டும் கொண்டு சாலையோரங்களில் இயங்கும் சிறு நிலையங்கள் பல. அங்குச் செல்லும் காரின் அழுக்கு, தெருவில் கழுவிய காரின் அழுக்கு சேரும் அதே இடத்திற்குத்தான் செல்கின்றது.

நீரை மீண்டும் பயன்படுத்துவது நம் நாட்டில் இயலாத செயலன்று. ரயில்வே துறை பல பணிமனைகளில் நிறுவியுள்ள தானியங்கிப் பெட்டி கழுவும் இயந்திரங்கள், தாம் பயன்படுத்தும் நீரில் பெரும்பகுதியைச் சுத்திகரித்து மீண்டும் எடுத்துக்கொள்கின்றன. முழு ரயிலுக்கு இயலுவது சிறு காருக்கும் இயலும்.

காரின் நலன்

அடிக்கடி கழுவினால் கார் நீண்ட நாள் உழைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உலர்ந்த புழுதியின்மீது துணியை அழுத்தித் தேய்த்தால், மணல் துகள்கள் வண்ணப் பூச்சில் கீறல்களை உண்டாக்கும். துணி துவைக்கும் தூள் மெழுகுப் பூச்சை நீக்கிவிடும். உப்புச் செறிந்த கிணற்று நீரை வெயிலில் உலரவிட்டால் வெண்புள்ளிகள் படியும். ஆகவே நிழலில் நிறுத்தி, முதலில் சிறிது நீரால் புழுதியை இளக்கி, ஒரு வாளியில் சோப்பு நீரும் மற்றொன்றில் துணியை அலசும் நீருமாக வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகக் கழுவுவதே சிறந்தது. இடைப்பட்ட நாட்களில் மென்மையான தூசித் தட்டியால் மேலோட்டமாகத் தட்டிவிடுதல் போதும். கடற்கரை ஊர்களிலும், மழைக்காலச் சேற்றிலும் ஓடும் கார்களின் அடிப்பாகத்தை வீட்டில் கழுவுவது கடினம். அதற்குக் கழுவு நிலையமே ஏற்றது.

தொழிலாளரை மறந்துவிடலாகாது

நம் நகரங்களில் காரை உரிமையாளரே கழுவுவது குறைவு. விடியற்காலையில் வாளியும் துணியுமாக வந்து, மாதக் கூலிக்குப் பல வீட்டுக் கார்களைத் துடைப்போர் ஏராளமானோர். தடை அறிவிக்கப்படும்போது அபராதம் உரிமையாளருக்கு, வேலையிழப்பு இவர்களுக்கு என்ற நிலை ஏற்படுகின்றது. இவர்களை விலக்கி நீரைச் சேமிக்க வேண்டியதில்லை. நீர் உறிஞ்சும் மைக்ரோஃபைபர் துணிகளைக் கொண்டு அரை வாளி நீரில் துடைக்கும் முறையைப் பழக்கினால், கூலியும் குறையாது, நீரும் மிஞ்சும். நாள்தோறும் ஒரு வாளி வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் உரிமையாளரே. ஆகவே மாற்றம் அவரிடமிருந்தே தொடங்க வேண்டும். கழுவு நிலையங்களில் நாள் முழுதும் ஈரத்திலும் சோப்பு நீரிலும் நின்று உழைப்போருக்கு ரப்பர்க் காலணியும் கையுறையும் வழங்குவதும் நிலைய உரிமையாளரின் பொறுப்பாகும்.

அரசும் உள்ளாட்சியும் செய்யத்தக்கவை

குடிநீருக்கு மாற்றாகத் தரத்தக்க நீர் நம்மிடம் இல்லாமல் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 மதிப்பீட்டின்படி, நம் நகரங்களில் நாளொன்றுக்குச் சுமார் 7,237 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாகின்றது. அதில் உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது சுமார் 2,024 கோடி லிட்டர் மட்டுமே. சுத்திகரிப்பு நிலையம் உடைய அடுக்குமாடிக் குடியிருப்புகள் தமது நீரைத் தோட்டத்திற்குப் பயன்படுத்துவது போலவே, கார் கழுவவும் பயன்படுத்தலாம். ஆனால் அந்நீர் நன்கு வடிக்கப்பட்டு, கிருமி நீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். விசைப் பம்பு தெறிக்கும் நுண்துளிகளைச் சுவாசிப்பவர் தொழிலாளர் என்பதை மறக்கக் கூடாது.

கழுவு நிலையங்களுக்கு உரிமம் வழங்கும்போது, படிவுத் தொட்டியும் எண்ணெய் பிரிப்பானும் உள்ளனவா என்று உள்ளாட்சி அலுவலர்கள் நேரில் கண்டறிதல் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் நீர்மானி பொருத்தச் செய்தால், நிலையம் எவ்வளவு நீர் எடுக்கின்றது என்பது தெரியவரும். சிறு நிலையங்கள் மறுசுழற்சிக் கருவிகளை வாங்கக் கடனுதவியும், அவற்றிற்குச் சுத்திகரிக்கப்பட்ட நீரை லாரிகளில் வழங்கும் ஏற்பாடும் இருத்தல் நலம். கோடையில் திடீரென விதிக்கப்படும் அபராதத்தைவிட, ஆண்டு முழுவதும் நிலவும் இத்தகைய ஏற்பாடுகளே நிலைத்த பயனைத் தரும்.

முடிவாக

கையால் கழுவுவதா, நிலையத்தில் கழுவுவதா என்ற வினாவிற்கு ஒரே விடை இல்லை. இரு வாளி நீரில் கையால் கழுவுவது, மறுசுழற்சி இல்லாத நிலையத்தைவிடச் சிறந்தது. மறுசுழற்சி உள்ள நிலையம், தெருவில் திறந்துவிட்ட குழாயைவிடப் பன்மடங்கு சிறந்தது. அந்த நீர் எங்கிருந்து வருகின்றது, எத்தனை முறை செலவாகின்றது, பின்னர் எங்கே செல்கின்றது என்னும் மூன்று வினாக்களையே நாம் கேட்க வேண்டும். பளபளக்கும் கார் ஒருவரது பெருமையாக இருக்கலாம். குடிநீரோ ஊரார் அனைவருக்கும் பொது. அதைக் காப்பது கார் வைத்திருப்போரின் கடமையும், அதற்கு வழி செய்வது நிர்வாகத்தின் கடமையும் ஆகும்.