அரங்கின் நலமும் அதன் புரவலரும்: காரைக்கால் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு நாட்டின் நாடகம் நலமாக உள்ளதா என்னும் வினாவிற்கு, அரங்கில் நிரம்பிய இருக்கைகளைக் கொண்டு விடை கூறுதல் பொதுவழக்கு. நிகழ்த்துதலுக்குப் பொருள் தருபவர் யார், எதன்பொருட்டுத் தருகிறார் என்பனவற்றை அளவுகோலாகக் கொண்டு தமிழ் நாடகத்தின் இன்றைய நிலையை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

காரைக்கால் வட்டாரத்தின் பெருந்திரள் நிகழ்த்துதல்கள் நுழைவுச்சீட்டை அறியாதவை. ஆனித் திங்களில் நிகழும் மாங்கனித் திருவிழாவில் பரமதத்தரின் மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம், பிச்சாண்டவர் வீதியுலா எனக் காரைக்காலம்மையார் வரலாறு நாள்தோறும் தெருவில் விரிகிறது. மாசிமகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். இவற்றை நாடகம் என்றல் பொருந்தாது. எனினும் கூட்டத்தை நாட்காட்டியே கூட்டித்தரும் இப்பொருளியல்தான் இசைநாடகத்தையும் தாங்கி நிற்கிறது.

தென்மாவட்டங்களில் வழங்கும் ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு இல்லை. கோயில் விழா நடத்துவோர் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக் கலைஞர் ஆகியோரைத் தனித்தனியே அமர்த்துவர். முன்னொத்திகை இன்றியே அவர்கள் வள்ளி திருமணத்தையோ பவளக்கொடியையோ விடியவிடிய நடத்துவர். இதனை இயலச்செய்வது அனைவர்க்கும் பொதுவான பாடம். அதனைச் செம்மைப்படுத்தியவர்களுள் தலையாயவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). சிறுவர் குழுக்களைப் பயிற்றிய அவர் மறைந்தது புதுச்சேரியில். அவர் பெயரால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளியும் அமைந்தது. நகரச் சபா நாடகங்களோ உறுப்பினர் சந்தாவை நம்பின. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தபின் அந்நம்பிக்கை தளர்ந்தது.

இத்தளர்ச்சி தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வட்டார அரங்குகளும் நன்கொடையையும் ஆண்டுச் சந்தாவையும் தூண்களாகக் கொண்டவை. பெருந்தொற்றுக்குப்பின் அத்தூண்கள் ஆட்டங்கண்டன. 2023இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மார்க் டேப்பர் அரங்கு தன் நிகழ்ச்சிகளை நிறுத்திவைத்தது. 1935இல் அரசே கூலி தந்து தொடங்கிய கூட்டாட்சி நாடகத்திட்டம், அரசியல் எதிர்ப்பால் 1939இல் முடிவுற்றதையும் இங்கு நினைக்கலாம். புரவலர் ஒருவரே எனில் அவர் கைவிடும் நாளில் அரங்கும் வீழும்.

கோயிற்கொடையும் இவ்விதிக்கு விலக்கன்று. 2020இல் பொதுமுடக்கம் மார்ச்சுத் திங்களில், விழாப்பருவம் முனையும் வேளையில் வந்தது. திருவிழாக்கள் நின்றதும் கலைஞரின் ஆண்டு வருவாயும் நின்றது. குழு இன்மையால் முறையிட முதலாளி ஒருவரும் இல்லை. இவ்வமைப்பின் நெகிழ்வை வியக்கும் ஆய்வாளர் (யானும் அவருள் ஒருவன்) அந்நெகிழ்வின் விலையைக் கலைஞரே செலுத்துவதை மறத்தலாகாது.

புதுப் புரவலர் வரும் வழிகளும் உள. பாரிசின் தியேத்ர் து சொலேய் குழு புதுச்சேரியில் தங்கிப் பயின்றபின், 2016இல் மேடையேற்றிய தன் நாடகத்தில் தெருக்கூத்தை இணைத்தது. புரிசைக் கூத்து மரபினர் அதற்குப் பயிற்சியளித்தனர். ஆனால் கூத்து பெறும் இவ்வயல்நாட்டு மதிப்பு இசைநாடகத்திற்கு எளிதில் வாய்க்காது. ஆர்மோனியமும் திரைச்சீலையும் கொண்ட கலப்புவடிவத்தைத் 'தொன்மை' தேடும் கண் பொருட்படுத்துவதில்லை.

எனவே பல்கலைக்கழகத்தின் பங்கு இங்குத் தனித்துவமுடையது. அச்சில் உள்ள சுவாமிகளின் பாடல்களைப் பதிப்பிப்பது மட்டும் போதாது. வள்ளிக்கும் நாரதர்க்கும் இடையே மேடையில் அப்போதைக்கப்போது எழும் தர்க்கம், அதற்கு ஆர்மோனியம் பிடிக்கும் சுருதி, பபூன் இடைமறிக்கும் முறை ஆகியன முதிய கலைஞரிடமிருந்து பதிவுபெறல் வேண்டும். அப்பதிவிற்கு அவர்க்கு ஓர் இரவு நாடகத்திற்குரிய ஊதியமேனும் ஆய்வுநிதியிலிருந்து வழங்கப்படுதல் முறை.