இரைச்சலின் கதை – 14: சிலிண்டருக்குள் மிருதங்கம்

டர்போ காற்றைத் திணிக்கிறது, திணித்த காற்று சூடாகிறது, சூடு எல்லை மீறினால் நாக்கிங். போன வாரம் இவ்வளவுதான். தவறவிட்டவர்கள் பழைய இதழைப் பரணில் தேடுங்கள்.

டர்போ காரை டியூன் செய்கிறவர்கள் நாக்கிங்கை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சுருக்கமான பதில்: காதால். நம்மூர் மெக்கானிக் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வாரே, அதேதான். டியூனர்கள் அதைக் கொஞ்சம் வசதியாக்கிக்கொண்டார்கள். ஒரு செப்புக் குழாயின் முனையைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, துளை போட்டு, இன்ஜின் பிளாக்கில் போல்ட்டோடு சேர்த்து முடுக்குவார்கள். மறுமுனையில் ரப்பர் குழாய். அது போய்ச் சேருவது ஆலைத் தொழிலாளர்கள் மாட்டுகிற காதடைப்பானில். எலெக்ட்ரானிக் ஹெட்போன்கள் வந்த பிறகும் இந்தச் செப்புக் குழாய்க்கு ரசிகர்கள் உண்டு.

கோவையில் ஒரு பட்டறையில் அப்படியொன்றை எனக்கும் மாட்டிவிட்டார்கள். டைனோவின் உருளைகள் மேல் கார் நின்ற இடத்திலேயே பறந்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்டதெல்லாம் மிக்ஸியும் மாவு மில்லும் ஒன்றாக ஓடுகிற சத்தம். பக்கத்தில் இன்னொன்றை மாட்டியிருந்த இளைஞர் சட்டென்று விரலை உயர்த்தினார். “கேட்டுச்சுங்களா? கடுகு வெடிச்ச மாதிரி?” ஆமாம் என்று தலையாட்டினேன். பொய். அவர் இக்னிஷன் டைமிங்கை இரண்டு டிகிரி பின்னுக்கு இழுத்தார், மறுபடி ஓட்டினார். இப்போது விரல் உயரவில்லை. எனக்கு மிக்ஸியும் மாவு மில்லும் அப்படியேதான் ஓடின.

டியூனர் பக்கத்தில் இல்லாதபோதும் அந்தக் கடுகைக் காரின் கம்ப்யூட்டருக்குக் கேட்கவைக்க வேண்டும். அதற்குத்தான் நாக் சென்சார். பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்குகிற குட்டி வளையம். அதற்குள் அழுத்தினால் மின்சாரம் தருகிற பீங்கான் வில்லை. பாஷ் கம்பெனியின் இவ்வகைச் சென்சாருக்கு 20 நியூட்டன் மீட்டர் இறுக்கம் சொல்கிறார்கள். தொளதொளவென்று விட்டால் காது மந்தமாகிவிடும். ஒழுங்காக இறுக்கினாலும் சிக்கல் தீராது. வால்வு அடைபடுவது, இன்ஜெக்டர் சொடுக்குவது, பிஸ்டன் உரசுவது எல்லாமே அதற்குக் கேட்கும். கல்யாண மண்டபத்தில் தொலைந்த பிள்ளையின் அழுகையைத் தேடுகிற நிலைமை. பிள்ளையின் குரல் எந்தச் சுருதி என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சுருதியைச் சொன்னவரைப் பற்றிப் படித்ததில்தான் இந்த வாரம் எனக்குத் தூக்கம் போனது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர். 1930-களில் அவர் கவலையெல்லாம் விமான இன்ஜின்களின் நாக்கிங். நாக்கிங் என்றால், மூலையில் எரியாமல் மிச்சமிருக்கிற கலவை, சுவாலை வந்து சேருமுன் தானாகவே குபீரென்று பற்றிக்கொள்வது. அந்தப் பக்கம் அழுத்தம் எகிறியதும் வாயு எதிர்ச்சுவருக்கு ஓடும், முட்டும், திரும்பி ஓடிவரும். அண்டாவில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இப்படியும் அப்படியும் அலம்புமே, அப்படி. நொடிக்கு எத்தனை முறை அலம்பும் என்பதற்கு டிரேப்பர் கணக்குப் போட்டார். எரிந்த வாயுவில் ஒலியின் வேகத்தை 1.841-ஆல் பெருக்கி, சிலிண்டரின் சுற்றளவால் வகுத்தால் போதும். அந்தச் சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 950 மீட்டர் பாய்கிறது. நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆரின் ஆர்.பி.26 இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 86 மி.மீ.; விடை ஏறக்குறைய 6,500 ஹெர்ட்ஸ். சுபாருவின் இ.ஜே.257-இல் 99.5 மி.மீ.; அங்கே 5,600. வாய் அகன்றால் குரல் தடிக்கிறது.

அதென்ன 1.841? வட்டத்துக்குள் எது அதிர்ந்தாலும் வந்து நிற்கிற பெஸ்ஸல் சார்புகள் கொடுக்கிற எண் அது. இதே சார்புகளோடு திருச்சியில் பிறந்த ஒருவரும் மல்லுக்கட்டியிருக்கிறார்: சி.வி. ராமன். தோலின் வட்டம் அதிர்ந்தால் வருகிற ஓசைகள் ஒன்றோடொன்று சேராமல் முரண்டு பிடிக்கும். மேலைநாட்டு முரசுகள் பல வெறுமனே அதிர்வது அதனால்தான். மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதியோடு பேசுகிறது? வலந்தலையில் அப்பியிருக்கிற கருப்புச் சோறு தோலின் கனத்தை மாற்றி, முரண்டு பிடித்த அதிர்வுகளைச் சுருதிக்குள் இழுத்துவிடுகிறது. 1920-இல் நேச்சர் இதழில் இதைத் தொட்டவர், 1934-இல் விரிவாக எழுதினார்: ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்தே சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்று. தோலின் விளிம்பு கட்டுண்டு கிடக்கும். சிலிண்டர் வாயுவோ சுவரோரத்தில்தான் அதிகம் துடிக்கும். அதனால் எண்கள் வேறு, கணிதக் குடும்பம் ஒன்று. 1930-களில் ஒருவர் மிருதங்கத்தையும் மற்றவர் இன்ஜினையும் வைத்துக்கொண்டு வட்டத்தோடு போராடியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தாரா என்று கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம்.

டிரேப்பரை இன்னும் விட மனமில்லை. பின்னாளில் அப்போலோ விண்கலங்களுக்கு வழிகாட்டும் கருவியைச் செய்தது அவருடைய ஆய்வகம்தான். கருவி வேலை செய்யும் என்பதில் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை தெரியுமா? ‘நானே நிலாவுக்குப் போகிறேன், என்னையும் குழுவில் சேருங்கள்’ என்று 1961-இல் நாஸாவுக்குக் கடிதம் எழுதினார். அப்போது வயது 60. நாஸா அவரை அனுப்பவில்லை.

சரி, கார். சுருதி தெரிந்தாகிவிட்டது, அடுத்து நேரம். பிஸ்டன் உச்சியைத் தாண்டிய பிறகு சில பத்து டிகிரிகளுக்குள்தான் நாக்கிங் வரும். கம்ப்யூட்டர் அப்போது மட்டும் காதைத் திறந்துவைத்து, மற்ற நேரம் மூடிக்கொள்கிறது. 6,000 ஆர்.பி.எம்.மில் 40 டிகிரி கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூட. அதற்குள் 6,500 ஹெர்ட்ஸ் அலை ஏழு முறைதான் துடிக்கும். ஏழே துடிப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறது அந்தப் பெட்டி.

தொழிற்சாலையிலிருந்து வந்த காரில் இந்தத் தீர்ப்பை நம்பலாம். டர்போவின் அழுத்தத்தை, அதாவது பூஸ்டை, ஏற்றுவதற்காக ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டவர்களுக்குத்தான் வம்பு. அந்தப் பிஸ்டன்களில் பல சூட்டில் அதிகம் விரியும் என்பதால் இடைவெளி கூடுதலாக விட்டுப் பொருத்துவார்கள். குளிர்ந்த இன்ஜினில் அவை சிலிண்டர் சுவரில் தட்டும். சென்சார் அதையும் கடுகென்று நினைத்து டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், கார் சோம்பும். எரிச்சலில் சிலர் சென்சாரையே அணைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். குரைக்கிறது என்று நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவைத்துத் தூங்குகிற புத்திசாலித்தனம். பிறகு ஒரு நாள் நிஜமான கடுகு வெடிக்கும். பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள விளிம்பு உடைந்து கையில் வரும்.

சாப் கம்பெனியைப் பற்றி இந்த வாரமே எழுதியிருக்க வேண்டும். மிருதங்கம் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1980-களில் நாக்கிங் கேட்டதும் டர்போவின் அழுத்தத்தையே தணித்த ஸ்வீடன்காரர்கள், 1990-களில் தனியாகக் காதே வேண்டாமென்று ஸ்பார்க் பிளக்கையே காதாக்கினார்கள். அது அடுத்த வாரம். அதுவரை ஃபோர்ஜ்டு பிஸ்டன்காரர்கள் பூஸ்டில் கை வைக்காமல் இருங்கள்.